மசாலாப் பொருள்களில் எவை அவசியம்? பட்டியலுக்குப் பின்னால் உள்ள வேதியியலும் கணக்கும்

புதிதாகச் சமையலறை அமைப்பவர்கள் அவசியமான மசாலாப் பொருள்கள் எவை என்று விசாரித்தால் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒருவர் ஏழு போதும் என்கிறார். இன்னொருவரின் பட்டியல் முப்பதைத் தாண்டுகிறது. சுழலும் தாங்கியோடு பதினாறு, இருபது குப்பிகள் அடங்கிய தொகுப்புகள் ஆயத்தமாகவே விற்கப்படுகின்றன. இந்தக் குழப்பம் போதாதென்று, 2024 ஏப்ரலில் ஹாங்காங், சிங்கப்பூர் உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் இறக்குமதியான சில மசாலாக் கலவைகளில் எத்திலீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் இருப்பதாக அறிவித்து அவற்றின் விற்பனைக்குத் தடை போட்டன. மஞ்சளில் ஈயம், மிளகாய்த்தூளில் தடைசெய்யப்பட்ட சாயம் என்ற செய்திகளும் இடையிடையே வந்துகொண்டே இருக்கின்றன. எதை வாங்குவது என்ற பழைய கேள்வியோடு எந்த வடிவத்தில், எவ்வளவு வாங்குவது என்பதும் இப்போது சேர்ந்துகொண்டது.

ஒரு மசாலாப் பொருள் ஒரு சமையலறைக்கு அவசியமா என்பதை இரண்டு வேகங்கள் முடிவு செய்கின்றன: அதன் மணம் கெடும் வேகம், அந்த வீட்டில் அது தீரும் வேகம். முதல் வேகம் வேதியியலைச் சார்ந்தது, எல்லோருக்கும் பொதுவானது. இரண்டாவது வேகம் வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே பிறர் தரும் பட்டியல், அது எவ்வளவு அனுபவசாலியுடையதாக இருந்தாலும், தொடக்கப் புள்ளியாக மட்டுமே பயன்படும். மசாலாக்களுக்குச் சொல்லப்படும் மருத்துவக் குணங்கள் வேறு விவாதம். அவை இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

மசாலாவுக்குள் இருப்பது என்ன?

மசாலாப் பொருள் என்பது ஒரு தாவரத்தின் உலர்ந்த விதையோ, கனியோ, பட்டையோ, மொட்டோ, கிழங்கோ, பிசினோ ஆகும். அதில் பெரும்பகுதி நாரும் மாவுச்சத்தும்தான். நாம் பணம் கொடுப்பது மீதமுள்ள சிறு பகுதிக்கு. அந்தச் சிறு பகுதியை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் மற்ற எல்லாக் கேள்விகளும் எளிதாகும்.

1. ஆவியாகும் எண்ணெய்கள். மணத்துக்குக் காரணம் இவை. மல்லி விதையில் லினலூல், சீரகத்தில் குமினால்டிஹைடு, கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிஹைடு, சோம்பில் அனெத்தோல் ஆகியவை முதன்மையானவை. காற்றில் கலந்து மூக்கை எட்டக்கூடியவை என்பதால்தான் இவற்றுக்கு மணமே உண்டு; அதே காரணத்தால்தான் டப்பாவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இவை சிறிது சிறிதாக வெளியேறுகின்றன.

2. ஆவியாகாத பொருள்கள். மிளகாயின் கேப்சைசின், மிளகின் பைப்பரின் ஆகிய காரப் பொருள்களும், மஞ்சளின் குர்குமின், மிளகாயின் சிவப்பு நிறமிகள் ஆகியவையும் இந்த வகை. இவை பறந்து போவதில்லை. ஆனால் வெளிச்சமும் காற்றும் நிறமிகளை மெல்லச் சிதைக்கின்றன. வெயில் படும் கண்ணாடிக் குப்பியில் மிளகாய்த்தூள் பழுப்பேறுவதும் மஞ்சள் வெளிறுவதும் இதனால்தான்.

இந்தப் பிரிவினையின் உடனடி விளைவு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. பழைய மிளகாய்த்தூளும் பழைய மிளகுத்தூளும் நாக்கில் காரமாகவே இருக்கும். மணம் மட்டும் போயிருக்கும். காரம் இருக்கிறதே என்று நம்பி ஓராண்டுக்கு முந்தைய தூளைப் போடுபவருக்கு, உணவு உறைப்பாகவும் அதே சமயம் சப்பென்றும் இருப்பதற்கான காரணம் பிடிபடாது. ஆகவே மசாலாவின் தரத்தைச் சோதிக்க நாக்கைவிட மூக்கே நம்பகமானது. ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகரும்போது மணம் உடனே எழவில்லை என்றால், காலாவதித் தேதி எதுவாக இருந்தாலும் அந்தப் பொருளின் வேலை முடிந்துவிட்டது. காலாவதித் தேதி பெரும்பாலும் தரத்தைப் பற்றிய மதிப்பீடு; உலர்வாகப் பாதுகாக்கப்பட்ட மசாலா அந்தத் தேதிக்கு மறுநாள் நஞ்சாகிவிடுவதில்லை.

எண்ணெயின் அளவும் பொருளுக்குப் பொருள் மாறுபடுகிறது. கிராம்பின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை ஆவியாகும் எண்ணெய் இருக்கும். மல்லி விதையில் அது 1 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோதான். கிராம்பை எண்ணிப் போடுவதும் மல்லியைக் கரண்டியால் அள்ளிப் போடுவதும் இந்த வேறுபாட்டால்தான். வாங்கும் அளவுக்கும் இதுவே வழிகாட்டி: இரண்டையும் ஒரே அளவுக் குப்பியில் நிரப்பித் தரும் தொகுப்பு எந்த வீட்டுக்கும் பொருந்தாது.

முழுப் பொருளா, பொடியா?

பொடிப்பது என்பது பரப்பளவைப் பல மடங்கு பெருக்குவது. முழு விதையில் எண்ணெய் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. அரைத்ததும் அந்தச் செல்கள் உடைந்து, காற்றோடு நேரடித் தொடர்பு ஏற்படுகிறது. நன்கு மூடி வைத்த முழு மசாலா இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை பயன்தரும். பொடியின் நல்ல காலம் சுமார் ஆறு மாதம். இது பொதுவான கணக்கு. எண்ணெய் அதிகமுள்ள பொருள் சற்றுக் கூடுதலாகவும், ஏலக்காய் விதை போன்ற மென்மணப் பொருள் வெகு குறைவாகவும் தாங்கும். ஏலக்காயின் தோலே அதன் சிறந்த டப்பா என்பதால், பொடித்த ஏலக்காயை வாங்குவதில் எந்த அர்த்தமும் இல்லை என்றே சொல்லலாம்.

முழுதாக வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முழுப் பொருளைக் கண்ணால் சோதிக்க முடியும். பூஞ்சை, தூசி, கலப்பு விதைகள் தெரியும். பொடி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் முழுதாகவே வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. காய்ந்த மஞ்சள் கிழங்கு கல்லைப் போல் கடினமானது. வீட்டு மிக்ஸியின் பிளேடுகளுக்கு அது சோதனை. சுக்கும் அப்படியே. இவை இரண்டையும், அன்றாடம் அதிகம் செலவாகும் மிளகாய்த்தூளையும் சிறிய பொட்டலங்களில் பொடியாக வாங்குவதே பலருக்கும் சரியாக இருக்கும். மிளகு, சீரகம், மல்லி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய் ஆகியவற்றைப் பொடியாக வாங்குவதற்கு வலுவான காரணம் எதுவும் இல்லை.

பணிகளின்படி தேர்ந்தெடுத்தல்

பெயர்களை வைத்துத் தொடங்கினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். உணவில் மசாலா செய்யும் வேலைகளை வைத்துத் தொடங்கினால் அது தானாகவே சுருங்கும். அந்த வேலைகளை ஐந்தாக வகுக்கலாம்.

1. காரம். இது உண்மையில் சுவை அல்ல. வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்பு ஏற்பிகளின் வேலை. கேப்சைசினுக்கு வினைபுரியும் ஏற்பியை அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் அடையாளம் கண்டது. இந்தத் துறையில் செய்த ஆய்வுக்காக அவருக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மிளகின் பைப்பரினும் அதே ஏற்பியைத்தான் தூண்டுகிறது, ஆனால் கேப்சைசினைவிட வெகு மெலிதாக. கடுகின் காரம் வேறு வகை: அது வேறொரு ஏற்பியைத் தூண்டி, ஆவியாக மேலெழுந்து மூக்கில் ஏறுகிறது. ஆகவே மிளகும் மிளகாயும் ஓரளவுக்கு ஒன்றுக்கொன்று மாற்றாகலாம். கடுகு அவற்றுக்கு மாற்றாகாது. அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய மிளகாய் 15ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு மற்றக் கண்டங்களுக்குப் பரவும்வரை, ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் மிளகே முதன்மையான காரப் பொருளாக இருந்தது. ஒரே ஒரு காரப் பொருளைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், காரத்தோடு மணமும் தரும் மிளகுக்கே முதலிடம் தரலாம்.

2. அடித்தளம். உணவுக்கு உடலும் நிறைவும் தரும் மணங்கள் இவை. தனித்துத் தெரியாமல் மற்றவற்றைத் தாங்குபவை. சீரகமும் மல்லி விதையும் இந்த வேலைக்குரியவை. ஒன்று மண்வாசம் கலந்த கனமான மணம். மற்றது எலுமிச்சைச் சாயல் கொண்ட இலகுவான மணம். இரண்டும் சேரும்போதுதான் அடித்தளம் முழுமையாகிறது.

3. நிறம். மஞ்சள், காரம் குறைந்த சிவப்பு மிளகாய், குங்குமப்பூ. அன்றாடத் தேவைக்கு முதல் இரண்டே மிகுதி.

4. இனிப்பு சார்ந்த மணம். பட்டை, கிராம்பு, ஏலக்காய், சோம்பு, ஜாதிக்காய் ஆகியவை இந்த வரிசை. பட்டியல்கள் வீங்குவது இந்த இடத்தில்தான். இவை எல்லாமே வலுவானவை. ஒரு முறைக்கு மிகக் குறைவாகவே தேவைப்படுபவை. எனவே மெதுவாகத் தீர்பவை.

5. கசப்பும் கந்தகமும். வெந்தயத்தின் கசப்பு, பெருங்காயத்தின் கந்தகச் சேர்மங்கள் தரும் வெங்காய, பூண்டுச் சாயல். சிறிய அளவில் பெரிய மாற்றம் செய்பவை. ஆனால் இவை தேவைப்படாத சமையல் முறைகள் உலகில் ஏராளம்.

ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது ஒரு பொருள் என்று எடுத்தால், தொடக்கத்துக்கு மிளகு, மிளகாய், சீரகம், மல்லி விதை, மஞ்சள், பட்டை, கிராம்பு ஆகிய ஏழு போதும் என்பது என் மதிப்பீடு. ஐந்தாவது வேலையைத் தொடக்கப் பட்டியலில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வெந்தயமோ பெருங்காயமோ தேவை என்பவருக்கு அது முன்பே தெரிந்திருக்கும். இரண்டாம் சுற்றில் கடுகு, சோம்பு, ஏலக்காய் ஆகியவையும் தேவைக்கேற்பச் சேரலாம். குங்குமப்பூ, அன்னாசிப்பூ, ஜாதிபத்திரி போன்றவற்றை ஒரு குறிப்பிட்ட சமையலுக்காக அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குவதே முறை.

ஒரே மூலக்கூறு, இரண்டு டப்பா

மணப் பொருள்களின் வேதியியல் தெரிந்தால், எந்த டப்பாக்கள் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதும் தெரிந்துவிடும். சோம்பும் அன்னாசிப்பூவும் தாவர உறவில் வெகு தொலைவில் இருப்பவை. ஆனால் இரண்டிலும் முதன்மை மணப்பொருள் அனெத்தோல். ஒன்று இருக்கும் வீட்டில் மற்றது இல்லாதது பெரிய குறையாகத் தெரியாது. கிராம்பும் ஆல்ஸ்பைஸ் எனப்படும் கரீபிய மணக்கனியும் யூஜினாலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஒரே கனிக்குள் இருப்பவை: ஒன்று விதை, மற்றது அதைச் சுற்றிய சிவப்பு உறை. கருமிளகும் வெண்மிளகும் ஒரே கொடியில் காய்ப்பவை. தோலை ஊறவைத்து நீக்கினால் அது வெண்மிளகு. மணத்தின் ஒரு பகுதி தோலோடு போய்விடுவதால், வெளிர்நிற உணவில் கரும்புள்ளி தெரியக்கூடாது என்பதைத் தவிர வெண்மிளகைத் தனியாக வைத்திருக்க வீட்டுச் சமையலில் காரணம் குறைவு.

பெயரோ தோற்றமோ ஒத்திருந்தும் மணம் ஒத்துப்போகாதவையும் உண்டு. சீரகமும் ஐரோப்பியச் சமையலில் பயன்படும் கேரவே விதையும் பார்வைக்கு உடன்பிறப்புகள். ஆனால் கேரவேயின் மணம் கார்வோன் என்ற வேறொரு சேர்மத்தால் வருவது, சீரகத்துக்கு அது ஈடாகாது. பச்சை இஞ்சியும் சுக்கும் ஒரே கிழங்குதான் என்றாலும், உலர்த்தும்போது இஞ்சியின் ஜிஞ்சரால், காரம் கூடிய ஷோகாலாக மாறுகிறது. ஒன்றின் அளவை மற்றதற்கு அப்படியே பொருத்த முடியாது. அன்னாசிப்பூ வாங்குபவர்கள் ஓர் எச்சரிக்கையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: ஜப்பானிய அன்னாசிப்பூ என்ற உறவுத் தாவரத்தின் காய் தோற்றத்தில் ஏறத்தாழ அதுவாகவே இருக்கும், ஆனால் நஞ்சுடையது. ஆகவே அன்னாசிப்பூவை மூலம் தெரிந்த இடத்தில் மட்டுமே வாங்க வேண்டும்.

பட்டையில் இரண்டு வகை

அவசியப் பட்டியலில் உள்ள பொருள்களில் மிக அதிகக் குழப்பம் பட்டையைப் பற்றியதே. ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு மரங்களின் பட்டைகள் விற்கப்படுகின்றன. இலங்கைப் பட்டை மெல்லிய, காகிதம் போன்ற பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டது, விரலால் நொறுக்கலாம், மணம் மென்மையானது. சீனா, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளிலிருந்து வரும் காசியா வகைப் பட்டை தடித்த ஒற்றை அடுக்கு, கடினமானது, சின்னமால்டிஹைடு மேலோங்கிய, உறைப்பான மணம் உடையது. விலை குறைவு என்பதால் உலகச் சந்தையில் பெரும்பகுதி காசியாதான்.

இரண்டுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு கூமரின் என்ற சேர்மம். காசியாவில் அது கணிசமாக இருக்கிறது; இலங்கைப் பட்டையில் மிகச் சொற்பம். அதிக அளவில் தொடர்ந்து உட்கொண்டால், கூமரினுக்கு எளிதில் பாதிப்படையும் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்ற வரம்பை வகுத்தது. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்குப்படி, சராசரிக் கூமரின் அளவுள்ள காசியாவில் 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம்.

இதிலிருந்து வரும் முடிவு நேரானது. எண்ணெயில் ஒரு துண்டு பொரித்து, உண்ணும்போது எடுத்துப் போடுபவருக்கு எந்த வகையும் பொருந்தும். நீண்ட நேரக் கொதிக்கு உறைப்பான காசியா இன்னும் நன்றாகவே தாங்கும். நாள்தோறும் பட்டைத் தூளைப் பானத்திலோ கஞ்சியிலோ கரண்டிக் கணக்கில் கலப்பவர், குறிப்பாகக் குழந்தைகளுக்குக் கொடுப்பவர், இலங்கைப் பட்டைக்கு மாறுவது நல்லது. தூளாக வாங்கினால் எந்த வகை என்று கண்ணால் சொல்ல முடியாது.

மிளகாயில் நிறமும் காரமும்

மிளகாயின் நிறத்துக்கும் காரத்துக்கும் தொடர்பில்லை. இரண்டும் தனித்தனிச் சேர்மங்கள். ஆழ்ந்த சிவப்பு வகைகள் பல மென்காரமானவை. காரத்தை அளக்க அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் ஸ்கோவில் 1912இல் ஒரு முறையை வகுத்தார்: மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைக் கரைசலில் காரம் தெரியாமல் போகும்வரை நீர்த்துக்கொண்டே போய், எத்தனை மடங்கு நீர்த்தது என்பதை எண்ணாகக் குறிப்பது. இன்று கருவிகள் அளக்கின்றன என்றாலும் அலகு அவர் பெயரிலேயே தொடர்கிறது. கேப்சைசின் விதையில் உருவாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறப் பகுதியில் உருவாகிறது. காரத்தைக் குறைக்க விரும்புபவர் நீக்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

வீட்டில் ஒரே வகை மிளகாய்த்தூள் வைத்துக்கொண்டு நிறத்துக்காக அளவைக் கூட்டும்போது காரமும் சேர்ந்து கூடிவிடுகிறது. இடம் இருந்தால், நிறத்துக்கு ஒரு மென்கார வகையும் காரத்துக்கு முழு வற்றலும் என்று இரண்டு வைத்திருப்பது, புதிதாக ஒரு மணப் பொருளை வாங்குவதைவிடப் பயனுள்ளது.

எண்ணெயா, தண்ணீரா?

பெரும்பாலான மணச் சேர்மங்களும் கேப்சைசினும் குர்குமினும் எண்ணெயில்தான் நன்கு கரையும். சூடான எண்ணெயில் தாளிக்கும்போது மணம் எண்ணெய்க்குள் இறங்கி உணவு முழுவதும் பரவுகிறது. கொதிக்கும் நீரில் நேரடியாகத் தூவினால் அதில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடுகிறது. பொடி எண்ணெயில் நொடிகளில் கருகும் என்பதால் முழுப் பொருள் முதலிலும் பொடி கடைசியிலும் போக வேண்டும்.

இரண்டு விதிவிலக்குகள் கவனத்துக்குரியவை. குங்குமப்பூவின் நிறமியான குரோசின் நீரில் கரைவது. அதை எண்ணெயில் பொரிப்பது பணத்தை எரிப்பதுதான், வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்க வேண்டும். கடுகின் காரம் விதையில் ஆயத்தமாக இருப்பதில்லை. விதை நசுங்கி ஈரம் படும்போது மைரோசினேஸ் என்ற நொதி அதை உருவாக்குகிறது. சூடான எண்ணெயில் அந்த நொதி செயலிழந்துவிடுவதால், பொரிந்த கடுகு கொட்டைகளைப் போன்ற இதமான மணம் மட்டுமே தரும். மூக்கில் ஏறும் காரம் வேண்டுமென்றால் குளிர்ந்த நீர் விட்டு அரைத்துச் சில நிமிடங்கள் விட வேண்டும்.

எவ்வளவு வாங்குவது?

ஒரு தேக்கரண்டிப் பொடியின் எடை, பொருளைப் பொறுத்து, ஏறத்தாழ 2 முதல் 3 கிராம். வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி செலவாகும் பொடியை 100 கிராம் வாங்கினால் அது ஏறத்தாழ 40 வாரங்கள் வரும். பொடியின் நல்ல காலம் ஆறு மாதம், அதாவது 26 வாரம். எனவே கடைசி 14 வாரங்களுக்கு அந்த வீடு மணமிழந்த தூளைத்தான் பயன்படுத்திக்கொண்டிருக்கும். 50 கிராம் வாங்கியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. பெரிய பொட்டலத்தில் கிராமுக்கு விலை குறைவு என்ற கணக்கு, தீரும் வேகத்தைக் கணக்கில் எடுக்கும்போது பல வீடுகளில் தலைகீழாகிவிடுகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அவசியத்துக்கான அளவுகோலும் கிடைக்கிறது. கிடைப்பதிலேயே சிறிய பொட்டலம் ஆறு மாதத்தில் பாதிகூடத் தீரவில்லை என்றால், அந்தப் பொடி அந்த வீட்டுக்கு அவசியமானது அல்ல. அதை முழு வடிவத்துக்கு மாற்றலாம், அல்லது விட்டுவிடலாம். ஆயத்தக் கலவைகளையும் இப்படியே அணுக வேண்டும். கலவையின் பொருள்கள் வெவ்வேறு வேகத்தில் மணமிழப்பதால், பழைய கலவையில் விகிதமே மாறிப்போயிருக்கும். பொட்டலத்தில் சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் தரப்படுவது பன்னாட்டு வழக்கம் என்பதால், முதலிடத்தில் உப்போ மாவுச்சத்தோ இருந்தால் பணத்தின் பெரும்பகுதி எதற்குப் போகிறது என்பது தெரிந்துவிடும். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ வேறு மாவோ சேர்க்கப்படுகிறது. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

கலப்படமும் எச்சங்களும்

செய்திகளில் அடிபடும் ஆபத்துகள் ஒரே தன்மையுடையவை அல்ல. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் வாங்குபவர் எதைத் தவிர்க்க முடியும் என்பது தெளிவாகும்.

1. மலிவான பொருளைக் கலப்பது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட முடிவுகளில், 1,885 மாதிரிகளைச் சோதித்ததில் மிளகில் 17, சீரகத்தில் 14, மஞ்சளிலும் குங்குமப்பூவிலும் 11, மிளகாயில் 6 விழுக்காடு மாதிரிகள் கலப்பட ஐயத்துக்கு உள்ளாயின. உலர்ந்த ஓரிகனோ இலையில் இது 48 விழுக்காடு. மிளகில் காய்ந்த பப்பாளி விதை சேர்ப்பது பழைய தந்திரம். முழுதாக வாங்குவது இந்த வகைக் கலப்படத்தைப் பெருமளவு தடுக்கிறது.

2. நிறத்துக்காகச் சேர்ப்பது. இதுவே மிக ஆபத்தானது. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் தர ஈயக் குரோமேட் பயன்படுத்தப்பட்டது 2019இல் ஆய்வுகள் வழியாக வெளிப்பட்டது. கடும் நடவடிக்கைக்குப் பிறகு, ஈயம் கண்டறியப்பட்ட மாதிரிகளின் பங்கு 2019இல் 47 விழுக்காடாக இருந்தது 2021இல் பூஜ்யமானது. பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. மிளகாய்த்தூளில் ‘சூடான்’ எனப்படும், உணவில் தடைசெய்யப்பட்ட செயற்கைச் சிவப்புச் சாயங்கள் இருப்பது தெரிந்து ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் கட்டாயச் சோதனையைக் கொண்டுவந்தது. இங்கே பரவலான ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது: தூளைத் தண்ணீரில் போட்டு நிறம் கரைகிறதா என்று பார்க்கும் சோதனை நீரில் கரையும் சாயங்களை மட்டுமே காட்டும். சூடான் சாயங்கள் எண்ணெயில் கரைபவை. ஈயக் குரோமேட் நீரில் கரையாதது. இரண்டும் அந்தச் சோதனையில் எளிதாகத் தப்பிவிடும். இவற்றை ஆய்வகத்தில் மட்டுமே உறுதிசெய்ய முடியும் என்பதால், சோதிக்கப்பட்டு முத்திரையிட்டு விற்கப்படும் பொருளை வாங்குவதும், அளவுக்கு மீறிப் பளிச்சிடும் தூளைத் தவிர்ப்பதுமே வீட்டில் செய்யக்கூடியவை.

3. நுண்ணுயிர்கள். வெட்டவெளியில் உலர்த்தப்படும் பொருளில் சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சேரக்கூடும். உலர்ந்த நிலையிலும் அவை நீண்ட காலம் உயிரோடு இருக்கும். சமைக்கும் வெப்பம் அவற்றைக் கொல்லும். சமைத்த பிறகு தூவுவதுதான் சிக்கல்: 2009, 2010 ஆண்டுகளில் அமெரிக்காவில் 270க்கும் மேற்பட்டோருக்கு நோய் ஏற்படக் காரணமானது, பதப்படுத்திய இறைச்சியின் மேல் பூசப்பட்ட மிளகு. ஆகவே பழத்திலும் தயிரிலும் பச்சையாகத் தூவும் பொடி நீராவியிலோ வேறு முறையிலோ கிருமிநீக்கம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அல்லது முழுப் பொருளை வெறும் வாணலியில் சூடேற வறுத்துப் பொடிக்க வேண்டும்.

4. கிருமிநீக்கத்தின் எச்சம். எத்திலீன் ஆக்சைடு விவகாரம் இந்த இடத்தில் வருகிறது. அது பாக்டீரியாக்களைக் கொல்லப் பயன்படும் வாயு; மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்துள்ளது. குழப்பத்துக்குக் காரணம், நாடுகளின் விதிகள் வெகுவாக மாறுபடுவது. ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொருளில் அதன் பயன்பாட்டை அனுமதிப்பதில்லை. மசாலாவில் அதையும் அதன் விளைபொருளையும் சேர்த்து கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே எல்லை. அமெரிக்கா மசாலாவுக்கு இந்த வாயுவை அனுமதித்து, எச்சத்துக்கு கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்துள்ளது. ஒரே பொட்டலம் ஓர் இடத்தில் சட்டப்படி விற்கப்படுவதும் இன்னோர் இடத்தில் திரும்பப் பெறப்படுவதும் இப்படித்தான் நிகழ்கின்றன.

5. பூஞ்சை நச்சு. சரியாக உலராத மிளகாய், ஜாதிக்காய் போன்றவற்றில் அஃப்ளடாக்சின் உருவாகலாம். சாதாரணச் சமையல் வெப்பத்தில் அது அழிவதில்லை. பூஞ்சை படர்ந்த பொருளைக் கழுவிக் காயவைத்து மீட்பது வீண் முயற்சி.

வைத்திருக்கும் முறை

வெப்பம், வெளிச்சம், ஈரம், காற்று ஆகிய நான்கும் எதிரிகள். அடுப்புக்கு மேலிருக்கும் அலமாரி கைக்கு எட்டும் வசதியானது என்றாலும், இந்த நான்கில் மூன்று அங்கேதான் கூடுகின்றன. ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டுவதும் ஈரத்தை உள்ளே அழைப்பதே. உலர்ந்த கரண்டியால் எடுப்பது நல்லது. அஞ்சறைப்பெட்டியில் ஒரே மூடிக்குக் கீழே எல்லா மணங்களும் கலக்கின்றன என்பதால், அதில் ஒரு வாரத்துக்கானதை மட்டும் வைத்து, மீதியை இறுக மூடிய ஒளிபுகாத டப்பாக்களில் தனியாக வைக்க வேண்டும். டப்பாவின் அடியில் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டினால் தீரும் வேகத்தை ஊகிக்க வேண்டியதில்லை.

மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றில் சிறு பழுப்பு வண்டுகள் வருவது பொதுவான தொல்லை; முட்டைகள் பெரும்பாலும் வாங்கும்போதே உள்ளே இருக்கும். வாங்கியதும் காற்றுப் புகாத பையில் இட்டுச் சில நாள்கள் உறைபெட்டியில் வைத்தால் அவை அழிந்துவிடும். வெளியே எடுத்த பின், பை அறை வெப்பநிலைக்கு வரும்வரை திறக்காமல் இருக்க வேண்டும். முன்பே திறந்தால், குளிர்ந்த பொடியின் மேல் காற்றின் ஈரம் படிந்து கட்டி தட்டிவிடும்.